உப்புத் தேநீர்

அத்தியாயம் 14

"சரி, எரிச்சிடலாம்" என்று மெனுகா சொன்ன இடத்தில் போன வாரம் நின்றோம். சொன்னவள் அழவில்லை. எழுந்து போய் முள்ளங்கி நறுக்க உட்கார்ந்துவிட்டாள். அழ வேண்டியவள் அழாமல் இருந்தால் மற்றவர்களுக்குத்தான் பயம். அன்று முதல் மகள் பினிதாவுக்குச் சரியாகத் தூக்கமில்லை.

கேட்டது அவள்தான். ஒரு முறை இல்லை, மாதக் கணக்காகக் கேட்டுக் கேட்டு அம்மாவைக் கரைத்தவள் அவள்தான்.

ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகம் அவளை வா என்று அழைத்திருந்தது. ஆறுகளைப் பற்றி, பனிமலைத் தண்ணீரைப் பற்றி முதுகலைப் படிப்பு. தூதரகத்தில் நாள் கொடுத்துவிட்டார்கள். அதற்குள் ஒரு வருஷச் செலவுக்கான பணத்தை அங்கே வங்கியில் கட்டிக் காட்டியாக வேண்டும். பணத்துக்கு இருக்கிற ஒரே வழி மலைக்குக் கீழே மாடி என்கிற சமவெளியில் இருக்கிற நெல் வயல். வயல் அப்பா பெயரில் இருக்கிறது. அப்பாதான் இல்லை.

இல்லை என்றால் செத்துப் போனார் என்றும் இல்லை. அதுதான் அந்த வீட்டின் நோய்.

உள்நாட்டுச் சண்டைக் காலத்தில் ஒரு மார்கழிக் காலை, பனிமூட்டத்துக்குள் பூட்ஸ் சத்தம் கேட்டது. "மாஸ்டர், ரெண்டு நிமிஷம் பேசணும்" என்று யாரோ கூப்பிட்டார்கள். பள்ளிக்கூட வாத்தியார் தில் பகதூர் ராயமாஜி செருப்புக்கூடப் போடாமல் வாசலுக்குப் போனார். "தேநீரை வை, வந்துடறேன்" என்றார். பினிதா அப்போது சுவரைப் பிடித்து நடக்கிற குழந்தை. இப்போது அவளுக்குக் கல்யாணத்துக்குக் கேட்டு வருகிறார்கள். அந்த இரண்டு நிமிஷம் இன்னும் முடியவில்லை.

செருப்பு வாசலிலேயே இருக்கிறது. மெனுகா தினமும் அதைத் துடைக்கிறாள். கதவுக்கு நீலத்தைத் தவிர வேறு வண்ணம் அடித்ததில்லை, வருகிறவருக்கு அடையாளம் தெரிய வேண்டுமாம். வாடகை ஏறினாலும் வீடு மாறவில்லை. வாசல் தாழ்ப்பாள் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டது. அதைப் போட்டால்தானே திறப்பதற்கு. அப்பாவின் முகம் பினிதாவுக்கு நினைவில்லை. ஆனால் அவர் இல்லாத ஒரு மூலைகூட அந்த வீட்டில் கிடையாது. செத்த அப்பாவோடு வாழ்ந்துவிடலாம். வராத அப்பாவோடு வாழ முடியாது என்று அவள் எப்போதோ முடிவு செய்துவிட்டாள்.

ஆற்றங்கரை ஊரான ரிடிக்குக் கிளம்ப வேண்டிய அன்று காலையும் மெனுகா தேநீர் வைத்தாள். பால் இல்லை, சர்க்கரை இல்லை. உப்புக்கல்லை நசுக்கிப் போட்டுக் கலக்கினாள். கல்யாணத்துக்கு முன்னால் தில் பகதூர் வடக்கே மலைக்கு அப்பால் சில வருஷம் பாடம் நடத்தியவர். அங்கே பிடித்த பழக்கம் அந்த உப்புத் தேநீர். தான்சேன் ஊரில் வேறு எவரும் அதை வாயில் வைக்க மாட்டார்கள். கண்ணாடித் தம்ளரில் ஊற்றி ஜன்னல் திண்டில் வைத்தாள். ஆறிய பிறகு செடிக்கு ஊற்றுவாள். அந்தச் செடி செத்து எத்தனையோ காலமாயிற்று, தொட்டி மட்டும் இருக்கிறது.

அந்தச் சமயம் பார்த்து சித்தப்பா டேக் பகதூர் உள்ளே வந்தார். தில் பகதூருக்கு ஒரே தம்பி. பஜாரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர், நல்ல மனிதர். மனதில் பாரம் ஏற ஏற அவருக்கு வாய் அதிகமாகும்.

"அண்ணி, இன்னிக்குமா டீ?"

"இன்னும் எரிக்கலையே தம்பி."

அவர் வெளியே போய் ஜீப்காரனை எதற்கோ திட்டினார்.

மெனுகா கல்யாணச் சிவப்பில் இருந்தாள். சிவப்புப் புடவை, கை நிறைய வளையல், கழுத்தில் பச்சை மணிமாலை, வகிடு முழுக்கக் குங்குமம். பினிதா அப்படி அவளைப் பார்த்ததே இல்லை.

"எதுக்கும்மா இவ்வளவு?"

"கழட்டறதுக்கு ஏதாவது இருக்கணுமில்ல" என்றாள் மெனுகா. அலமாரியிலிருந்து கணவனின் தொப்பியை எடுத்துத் தட்டிப் பையில் வைத்துக்கொண்டாள்.

தான்சேன் மலைமேல் வெயில் அடித்தது. கீழே பள்ளத்தாக்கு முழுக்கப் பனி வெள்ளையாகத் தேங்கிக் கிடந்தது. ஜீப் இரண்டு வளைவு இறங்கியதும் வெயில் போய்விட்டது. மூன்றாவது வளைவில் முன்னால் போகிற லாரியும் போய்விட்டது. சத்தம் மட்டும் இருந்தது. இதே மாதிரி ஒரு வெள்ளைக்குள்தான் அப்பா போனார் என்று பினிதா நினைத்துக்கொண்டாள். நினைக்காமல் இருக்க முடியவில்லை.

"தண்ணியப் பத்திப் படிக்க ஜெர்மனிக்குப் போகணுமா?" சித்தப்பா முன்சீட்டிலிருந்து திரும்பினார். "நம்ம ஊர்ல ஆறு ஓடலையா?"

"ஆறு இங்கதான் ஓடுது சித்தப்பா. அளக்கத் தெரிஞ்சவங்க அங்க இருக்காங்க."

"வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பற அந்தக் கன்சல்டன்சிக்காரன் சொல்லிக் குடுத்த டயலாக்கா இது? அவன் கடைல சுவரு பூரா விமானம். போன தடவ போனப்போ எனக்கே டிக்கெட் எடுத்துக் குடுத்துடுவானோன்னு பயந்துட்டேன்."

பினிதா சிரித்தாள். பின்சீட்டில் அம்மா சிரிக்கவில்லை. தொப்பிப் பை அவள் மடியில் இருந்தது.

வார்டு அலுவலகத்தில் வழி இருக்கிறது என்று சொன்னது சித்தப்பாதான். பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் தகவல் இல்லாதவரை இறந்தவராகப் பதிவு செய்யலாம். அக்கம்பக்கத்தார் ஐந்து பேர் சாட்சி சொல்ல வேண்டும். ஐந்து பேரும் தங்கமானவர்கள், ஆனால் ஒருவரும் பேனாவைத் தொடவில்லை. "கர்மம் பண்ணாம, புகையப் பாக்காம செத்துட்டான்னு எப்படிங்க கையெழுத்துப் போடறது? நாளைக்கு வந்து நின்னா?" என்றார்கள். அதனால்தான் இந்தப் பயணம். உடல் கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பையில் உருவம் செய்து எரிப்பார்கள். பிறகு பதிமூன்று நாள் உப்பு தொடாத துக்கம். அது முடிந்தால் சாட்சி, பதிவு, வயல், வங்கி, ஜெர்மனி. எல்லாம் ஒரு பிடி புல்லில் வந்து நின்றது.

ரிடியில் காளி கண்டகி ஆற்றின் கரையில் ஆள் நடமாட்டமே இல்லை. சங்கராந்திக் கூட்டம் கலைந்து போய்ச் சில நாள்தான் ஆகியிருந்தது, மணலில் சாமந்திப்பூ மக்கிக் கிடந்தது. எதிர்க்கரை தெரியவில்லை. தொங்குபாலம் இந்தப் பக்கம் புறப்பட்டுப் பாதியில் பனிக்குள் நுழைந்துவிட்டது.

பண்டிதர் குந்தி உட்கார்ந்து தர்ப்பையை முறுக்கினார். மகள் கையால் நெருப்பா என்று போன மாதம் முகம் சுளித்தவர், இப்போதெல்லாம் நடக்கிறதுதான் என்று தானே சொல்லிக்கொண்டு சம்மதித்திருந்தார். கால் வந்தது, கை வந்தது, தலைக்குத் தேங்காய் வந்தது. வெள்ளைத் துணி சுற்றினார். மெனுகா தொப்பியைக் கொடுத்தாள். தேங்காய் மேல் அது கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தது.

சித்தப்பா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அண்ணன் இப்படித்தான் சாய்ச்சு வைப்பான்" என்றார் யாரிடமோ.

"இப்பக் கூப்பிடுங்க" என்றார் பண்டிதர்.

"என்ன கூப்பிடணும்?"

"அவரத்தான். உயிரோட இருக்கறவனுக்குக் கொள்ளி வச்சா, வச்ச கைக்குப் பாவம். எங்க ஐயா காலத்துலேர்ந்து இதான் முறை. வீட்டாளுங்க ஒவ்வொருத்தரா ஆத்தப் பாத்துக் கூப்பிடணும். பதில் வரலன்னா நெருப்பு வைக்கலாம். பயப்படாதீங்க, எனக்குத் தெரிஞ்சு இதுவரைக்கும் யாரும் பதில் சொன்னதில்ல."

சித்தப்பா எழுந்து தண்ணீர் ஓரம் போனார். "அண்ணா!" என்று கத்தினார். பாத்திரக்கடைக் குரல், நல்ல கனம். ஆறு அதை வாங்கிக்கொண்டது. அவர் திரும்பி வந்து மூக்கைச் சிந்தினார்.

பினிதாவின் முறை. அப்பா என்ற சொல்லை அவள் யாரையும் பார்த்துச் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் மற்றப் பெண்கள் சொல்லிக் கேட்டிருக்கிறாள். வாயைத் திறந்தாள். "அப்பா" என்று வந்தது, பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிடுகிற அளவுக்குத்தான். இன்னும் உரக்க என்றார் பண்டிதர். "அப்பா!" தொண்டை எரிந்தது. பதில் வந்துவிடக் கூடாதே என்று ஒரு பக்கம் அடித்துக்கொண்டது. அந்த நினைப்புக்காக அவளுக்கு அவள் மேலேயே அருவருப்பாக இருந்தது. பதில் வரவில்லை.

மெனுகா எழுந்து நின்றாள். "பினிதாவோட அப்பா!" என்று கூப்பிட்டாள்.

"அப்படிச் சொன்னா போய்ச் சேராதும்மா" என்றார் பண்டிதர். "பேரச் சொல்லணும்."

"நான் அவரு பேரச் சொன்னதில்ல."

"யாரும்தான் புருஷன் பேரச் சொல்றதில்ல. இன்னிக்கு ஒரு தடவ சொல்லித்தான் ஆகணும்."

மெனுகா ஆற்றைப் பார்த்தாள். அவள் உதட்டோரம் ஏதோ அசைந்தது. சிரிப்பு மாதிரி இருந்தது, பினிதா அதைக் கண்ணால் பார்த்தாள். பிறகு கைகளை வாய்க்குக் குவித்துக்கொண்டு அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டாள்.

"தில் பகதூர்!"

ஆறு போய்க்கொண்டிருந்தது.

"ஹஜூ…ர்!"

எதிர்க்கரையிலிருந்து வந்தது. ஆண் குரல். யாராவது கூப்பிட்டால் இந்த நாட்டில் எல்லோரும் சொல்கிற மரியாதைப் பதில்தான். ஆனால் அவ்வளவு பெரிய ஆற்றைத் தாண்டி, ஒன்றும் தெரியாத வெள்ளைக்குள்ளிருந்து வந்தது. தீப்பெட்டி பினிதாவின் கையிலிருந்து மணலில் விழுந்தது.

முதலில் பேசியது சித்தப்பா. "எவனாவது மணல் அள்றவனா இருப்பான். பகதூர்னு கூப்பிட்டா இந்த நாட்டுல பாதி ஆம்பளைங்க திரும்பிப் பாப்பாங்க. சாமி, நீங்க நடத்துங்க."

பண்டிதர் எழுந்துவிட்டிருந்தார். வெற்றிலை போட்ட வாய் திறந்தபடி நின்றது. "முடியாது. போய்ப் பாத்துட்டு வாங்க. யாருன்னு தெரியாம நான் நெருப்பு தர மாட்டேன்."

சித்தப்பா பாலத்தைப் பார்த்தார். ஆடுகிற பாலம் என்றால் அவருக்கு உயிர் போய்விடும், சின்ன வயதிலிருந்தே அப்படி. "நான் போறேன்" என்று பினிதா சொன்னாள். அவர் மறுக்கவில்லை.

போகும்போது அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். கதவில் நாய் உரசினாலும் எழுந்து ஓடுகிறவள், தர்ப்பை உருவத்தின் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து அதன் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

பாலம் காலடியில் கிலுகிலுத்தது. பாதி தூரத்தில் இந்தக் கரையும் மறைந்தது. முன்னால் வெள்ளை, பின்னால் வெள்ளை, கீழே தண்ணீரின் இரைச்சல். மணல் அள்ளுகிறவனாக இருக்கட்டும், தில் பகதூர் என்று ஒரு தடியன் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கட்டும் என்று வேண்டிக்கொண்டே நடந்தாள்.

அக்கரையில் பாலத்தடியில் தகரக் கூரை போட்ட ஒரு தேநீர்க்கடை. அடுப்பின் முன்னால் குண்டான ஒரு அம்மாள். வேறு யாரும் இல்லை. பெஞ்சில் ஒரு தம்ளர் இருந்தது, அதில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

"அக்கா, இப்ப இங்கேர்ந்து யாரோ குரல் குடுத்தாங்களே?"

"நீங்கதானா கூப்பிட்டது? நல்லாக் கூப்பிட்டீங்க போங்க!" கடைக்காரம்மாளுக்குக் கோபம். "பாவம் அந்த மனுஷன் பாட்டுக்கு உக்காந்து டீ குடிச்சிட்டிருந்தாரு. பேரு காதுல விழுந்ததும் சட்டுனு எழுந்து பதில் சொன்னாரு. சொல்லிட்டு என்ன ஆச்சோ தெரியல, அடிபட்ட மாதிரி நின்னாரு. அப்படியே பையத் தூக்கிட்டுப் போயிட்டாரு. ஒரு வாய்தான் குடிச்சாரு."

"யாரு அவரு?"

"யாருக்குத் தெரியும்? சங்கராந்தி முடிஞ்சு கூட்டம் கலைஞ்சப்பறம் வருஷா வருஷம் வருவாரு. இதே பெஞ்சு, அக்கரையப் பாத்துட்டு உக்காந்திருப்பாரு. பாலத்துல கால வச்சு நான் பாத்ததில்ல. ஆளு வாயத் திறக்கறதே டீ கேக்கத்தான். அந்த டீயும் ஒரு தினுசு." அவள் முகத்தைச் சுளித்தாள். "நீயே பாரேன்."

பினிதாவுக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் இருக்கட்டும் என்று தம்ளரை எடுத்து உதட்டில் வைத்தாள்.

உப்பு.

எந்தப் பக்கம் என்று கேட்டது அவள் வாய்தான், ஆனால் வேறு யாரோ கேட்ட மாதிரி இருந்தது. கடைக்காரம்மாள் குல்மி போகிற ஏற்றப் பாதையைக் கரண்டியால் காட்டினாள். பினிதா ஓடினாள். கல்படிகள் ஈரமாக இருந்தன. பத்தடிக்கு மேல் கண் தெரியவில்லை. மேலே எங்கேயோ ஒருவர் ஏறிப் போகிற சத்தம் கேட்டது. ஒரு கால் சரியாக விழுந்தது, இன்னொன்று தரையில் இழுபட்டது.

"அப்பா!"

காலடி நின்றது.

அவளும் நின்றாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு வளைவு இருக்கலாம், ஒரு மரம் இருக்கலாம். மூச்சு வாங்குவது கேட்டது. அது அவளுடையதா அவருடையதா என்று தெரியவில்லை. நான்கு படி ஏறினால் போதும். ஏறி முகத்தைப் பார்த்தால் போதும்.

பார்த்தால் அப்புறம்? அப்புறம் வயல் அவருடையது. அவர் ஏன் வரவில்லை, எங்கே இருந்தார், யார் கூட இருந்தார் என்று இன்னொரு இருபது வருஷம். அந்த வீடு, அந்த நீலக் கதவு, அந்த ஜன்னல். தூதரகத்து நாள் வந்து போய்விடும். வராமலே இருந்து அவள் வாழ்க்கையை உட்கார்ந்த இடத்தில் நிறுத்திய மனிதர், வந்தும் நிறுத்துவார். பினிதா இவ்வளவையும் ஒழுங்காக யோசித்தாள் என்று சொல்ல மாட்டேன். அவள் கால் ஏறவில்லை. அவ்வளவுதான்.

மேலே காலடி மறுபடி கேட்டது. ஒரு கால், ஒரு இழுப்பு. போய்க்கொண்டே இருந்தது. கேட்காமல் போகும் வரைக்கும் நின்றுவிட்டு அவள் இறங்கினாள்.

பாலத்தில் வரும்போதே பொய் தயாராகிவிட்டது. அது அவ்வளவு சுலபமாகத் தயாரானதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"மணல் லாரியில வேல பாக்கறவர்" என்றாள். "அவரு பேரும் தில் பகதூர்தான். அர்காகாஞ்சிப் பக்கம். யாரோ மேஸ்திரி கூப்பிடறார்னு நெனச்சாராம்."

"நான் சொன்னேன்ல!" சித்தப்பா தொடையில் தட்டினார். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன அவருக்கு.

"வயசு என்ன இருக்கும்?" என்றார் பண்டிதர்.

"என்னவிட ரெண்டு மூணு வயசு கூட இருக்கும்."

பண்டிதர் அவள் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு மெனுகாவின் பக்கம் திரும்பினார். "நீங்க என்னம்மா சொல்றீங்க?"

மெனுகா மகளை ஏறிட்டாள். அந்தப் பார்வையைப் பினிதாவால் தாங்க முடியவில்லை, குனிந்து மணலில் தீப்பெட்டியைத் தேடினாள்.

"பொண்ணு பாத்துட்டு வந்து சொல்லுது. அப்புறம் என்ன? வைங்க நெருப்ப" என்றாள் மெனுகா.

தர்ப்பை சட்டென்று பிடித்துக்கொண்டது. கொள்ளி வைத்த கை பினிதாவுடையது. தொப்பி கடைசியாக எரிந்தது. தேங்காய் வெடித்தபோது சித்தப்பா குழந்தை மாதிரி விம்மினார். புகை பனியோடு சேர்ந்து, எது புகை எது பனி என்று தெரியாமல் ஆற்றின் மேல் போனது.

அந்தக் கரையிலிருந்து பார்த்தால் தெரியுமா என்று பினிதா யோசித்தாள். தன்னை எரிக்கிற புகையை ஒரு மனிதன் மலைப்பாதையில் நின்று பார்ப்பானா?

மெனுகா கல்லில் கையைத் தட்டி வளையல்களை உடைத்தாள். தண்ணீரை அள்ளி வகிட்டைக் கழுவினாள். மணிமாலையைக் கழற்றி ஆற்றில் விட்டாள். யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. வெள்ளைப் புடவையைக் கட்டிக்கொண்டு அவள் திரும்பி வந்தபோது யாரோ வேறு ஒருத்தி மாதிரி இருந்தாள். பினிதாவுக்கும் வெள்ளை கொடுத்தார்கள். இனி ஒரு வருஷம் அவளுக்கு அதுதான் நிறம்.

"ஜெர்மனிக்கும் வெள்ளையிலயே போவியாடி?" என்றார் சித்தப்பா ஜீப்பில், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "அங்க உள்ளவன் நீ டாக்டர்னு நெனச்சுக்குவான்." சொல்லிவிட்டு அவரே அழுதார்.

மதியம் தாண்டி வீடு வந்து சேர்ந்தார்கள். சித்தி கூடத்து மூலையைச் சாணம் போட்டு மெழுகி வைக்கோல் பரப்பியிருந்தாள். துக்கம் காக்கிற இரண்டு பேரும் அந்த மூலையை விட்டு வரக் கூடாது, மற்றவர்கள் அவர்களைத் தொடக் கூடாது. ஒரு வேளைச் சோறு, நெய், வாழைப்பழம். உப்பு மட்டும் கூடவே கூடாது. வாசலில் செருப்பைக் காணோம். சித்தி எடுத்து எங்கேயோ போட்டுவிட்டாள் போல. அந்த வெற்றிடத்தை மெனுகா தாண்டி வந்தாள், குனிந்து பார்க்கவில்லை.

சித்தப்பா வாசற்படியருகே நின்று இரண்டு தம்ளர் கறுப்புத் தேநீரைக் கைக்கெட்டுகிற தூரத்தில் வைத்தார். "சர்க்கரை போட்டிருக்கேன். குடிங்க அண்ணி, நாலு பேரப் பாத்துப் பேசிட்டு வரேன். புகையப் பாத்த சாட்சிக்குப் பண்டிதரே இருக்காரு, இனிமே ஒருத்தனும் முரண்டு பிடிக்க முடியாது." அவர் போனார். சித்தி பின்கட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

பினிதா சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள். மூடினால் அந்தக் காலடி கேட்டது. இனி எந்த ஊருக்குப் போனாலும் கேட்கும். பனி பெய்கிற நாடாகப் பார்த்துத்தானே தேர்ந்தெடுத்திருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை முட்டியது. சொல்லிவிடலாம், இப்போதே அம்மாவிடம் சொல்லிவிடலாம்.

"அம்மா…"

கண்ணைத் திறந்தாள். மெனுகா வெள்ளை முந்தானையின் நுனியில் ஒரு முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அதிலிருந்து விரல் நுனியால் எதையோ எடுத்துத் தன் தம்ளரில் போட்டாள், சுட்டுவிரலால் கலக்கினாள், ஒரு மிடறு குடித்தாள்.

சமையலறையில் மாடத்து ஓரமாக இருக்கிற உப்புக்கல்லின் நிறம் பினிதாவுக்குத் தெரியும்.

"அம்மா, என்ன பண்ற? உப்பு… இன்னிக்கு…"

"உயிரோட இருக்கற மனுஷனுக்கு யாராவது உப்ப விடுவாங்களாடி?" என்றாள் மெனுகா. குரல் சாதாரணமாக இருந்தது, முள்ளங்கி விலை சொல்கிற மாதிரி.

பினிதா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"புதுசாக் கல்யாணம் ஆனப்போ கேலி பண்ணுவாரு. நீ மட்டும் ஒரே ஒரு தடவ என் பேரச் சொல்லிக் கூப்பிடு, ஹஜூர்னு எழுந்து கை கட்டி நிக்கறேன்னு. இழுத்துத்தான் சொல்லுவாரு அத, வேணும்னே." மெனுகா இன்னொரு மிடறு குடித்தாள். "இத்தன வருஷம் கழிச்சு சொன்ன வார்த்தையக் காப்பாத்திட்டாரு."

"தெரிஞ்சுமா… ஏம்மா உக்காந்துட்ட? ஏன் வளையல உடைச்ச?"

"நீ பாலத்துல திரும்பி வந்தப்போ உன் மூஞ்சியப் பாத்தேன். உனக்கும் தெரிஞ்சிருந்தது. தெரிஞ்சும் நீ போகணும்னு நிக்கற. சரி, ஒருத்தியாவது இந்த வீட்ட விட்டுப் போகட்டும்னு நெனச்சேன்." அவள் கையை நீட்டி, தொடக் கூடாத மகளின் கன்னத்தைத் தொட்டாள். கை குளிர்ந்திருந்தது. வளையல் இல்லாத கையில் சத்தமில்லை. "கூப்பிட்டா கேக்கற தூரத்துலதான் உக்காந்திருக்காரு. கேட்டும் வரல. ஏன்னு அவரக் கேக்க வேண்டியவ நான்தான், நீ இல்ல. நீ விமானம் ஏறு. அடுத்த சங்கராந்திக் கூட்டம் கலையறப்போ நான் ரிடியில இருப்பேன்."

"அப்பாக்கு ஒரு கால் சரியில்லம்மா" என்று பினிதா சொன்னாள். அதற்கு மேல் முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மெனுகா முதல் முறையாகக் கண்ணை மூடினாள். மூடியபடியே மீதித் தேநீரை மகள் பக்கம் நகர்த்தினாள். கொள்ளி வைத்த கையால் தம்ளரை எடுத்துப் பினிதா குடித்தாள். கரித்தது. கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள்.

வாசலில் சித்தப்பாவின் குரல் கேட்டது, கூடவே நாலைந்து பேரின் காலடிகள். "அண்ணி! அஞ்சு பேரும் ஒத்துக்கிட்டாங்க! துக்கம் கேக்க வந்திருக்காங்க!"

மெனுகா வெற்றுத் தம்ளரைப் புடவைக்குள் மறைத்தாள். முந்தானையை முகம் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, கணவனை இழந்தவள் எப்படி அழுவாளோ அப்படியே உடைந்த குரலில், கூப்பிட்ட குரலுக்கு, "ஹஜூர்" என்றாள்.